இரண்டே கையால் ஹவ்தாலா

சனிக்கிழமை இருட்டியதும், வார ஓய்வு நாளான ஷப்பாத்தை வழியனுப்ப யூத வீடுகளில் செய்யும் சிறிய சடங்கு ஹவ்தாலா. பிரித்தல் என்று பொருள். ஓய்வு நாளுக்கும் வேலை நாட்களுக்கும் நடுவே போடும் கோடு அது. ஒரு கிண்ணம் ஒயின், கொஞ்சம் வாசனைப் பொருள், பல திரி கொண்ட ஒரு மெழுகுவர்த்தி, நான்கு துதிமொழிகள். நிதானமாகச் சொன்னாலும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

வீட்டில் நாலு பேர் இருந்தால் இது தானாக நடக்கும். அப்பா கிண்ணத்தைத் தூக்குவார், கடைக்குட்டி மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொள்ளும், வாசனைப் பெட்டி கை மாறி மாறிப் போகும், ‘ஆமேன்’ சொல்ல ஆள் இருக்கும். தனியாக அறை எடுத்துத் தங்கி, முதல் முறை நாமே செய்யும்போதுதான் கை போதாதது தெரியும். தளும்பும் கிண்ணம் ஒரு கையில், புத்தகம் மறு கையில், நெருப்பை எங்கே வைப்பது? தனியாளுக்கு வரும் சிக்கலில் பாதிக்கு மேல் எபிரேய மொழியில் இல்லை, மேசையில்தான் இருக்கிறது. அதனால் இங்கே மேசைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

பத்துப் பேர் கூடினால்தான் சொல்லலாம் என்ற மின்யான் விதி கதீஷ் என்ற துதிப் பாடல் போன்ற சிலவற்றுக்கு உண்டு, ஹவ்தாலாவுக்கு இல்லை. தனியாக இருக்கும் ஆணும் செய்யலாம், பெண்ணும் செய்யலாம். ஹவ்தாலா ஒயினைப் பெண்கள் குடிப்பதில்லை என்ற வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. தனியாகச் செய்யும் பெண்ணுக்கு அது பொருந்தாது, அவரே குடிக்க வேண்டும்.

இது யூதர்களுக்காகவும், மதம் மாறுவதற்கு ஒரு ரபியிடம் (யூத மதகுரு) படித்துக்கொண்டிருப்பவர்களுக்காகவும் எழுதியது. மற்றவர்கள் தெரிந்துகொள்ளப் படிக்கலாம். பார்க்க ஆசை என்றால் ஒரு யூத வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்து பார்ப்பதே நல்லது. கடைசித் துதிமொழியில் ‘இஸ்ரேலுக்கும் மற்ற மக்களுக்கும் இடையே’ என்று வருகிறது. அது சும்மா சொல்லிப் பார்க்கிற வரி அல்ல.

வெள்ளிக்கிழமையே எடுத்து வைக்க வேண்டியவை

ஷப்பாத் நேரத்தில், அது முடிந்தபின் நடக்கப்போகும் ஒன்றுக்கு ஏற்பாடு செய்யக் கூடாது. தீப்பெட்டியையும் மெழுகுவர்த்தியையும் அன்று கையால் நகர்த்துவதே கூடாது. எனவே வெள்ளி மாலை சூரியன் மறையுமுன் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துவிடுங்கள். விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தாம்பாளம் இதற்கு அருமையாகப் பொருந்தும். ஒயின் வழிந்தாலும் மெழுகு சொட்டினாலும் அதற்குள்ளேயே நிற்கும், கழுவுவதும் எளிது.

கிண்ணம் விரிசலோ விளிம்பு உடைப்போ இல்லாததாக இருக்க வேண்டும். உள்ளும் புறமும் கழுவியிருக்க வேண்டும். குறைந்த அளவு ‘ரெவியீத்’ என்ற பழைய யூத அளவை. பரவலாக ஏற்றுக்கொண்ட கணக்கில் அது 86 மில்லி லிட்டர், கண்டிப்பான கணக்கில் 150 மில்லி லிட்டர். பெரிய வெள்ளிக் கோப்பையைத் தேடிப் போகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: கிண்ணம் எவ்வளவு பெரிதோ அவ்வளவையும் விளிம்பு வரை நிரப்ப வேண்டும், குடிக்கப்போவது நீங்கள் ஒருவர்தான். கடமை தீர ரெவியீத்தில் பாதிக்கு மேல், அதாவது 45 மில்லி லிட்டர் அளவு குடித்தால் போதும். ஆனால் முழு ரெவியீத்துக்குக் குறைவாகக் குடித்தால், குடித்தபின் சொல்ல வேண்டிய துதிமொழியைச் சொல்வதா வேண்டாமா என்ற சந்தேகம் எழும். 90 முதல் 100 மில்லி லிட்டர் பிடிக்கும் சிறிய கிண்ணத்தை எடுத்து முழுவதையும் குடித்துவிட்டால் சந்தேகமே இல்லை. சமையலறை டம்ளர்கள் பெரும்பாலும் இதைப்போல் இரு மடங்கு பிடிக்கும், ஒரு முறை அளந்து பாருங்கள்.

ஒயின் கோஷர் (யூத உணவு விதிக்கு உட்பட்டது) என்ற முத்திரை உள்ளதாக இருக்கட்டும். மது வேண்டாம் என்பவர்கள் கோஷர் திராட்சைச் சாறு பயன்படுத்தலாம், அது முழுக்கச் செல்லும். சர்க்கரைப் பாகில் நிறமும் மணமும் சேர்த்த ஸ்குவாஷ் செல்லாது. இரண்டும் கிடைக்காத ஊரில் பீர் பலருக்கும் ஏற்புடையது. காபி, டீ போதும் என்று சொல்லும் ரபிகளும் உண்டு. அப்படியானால் முதல் துதிமொழியின் கடைசிச் சொற்கள் மாறி ‘ஷெஹக்கோல் நிஹ்யே பித்வாரோ’ என்று ஆகும். ஆவி பறக்கும் காபியை வைத்துக்கொண்டு ஆரம்பிக்காதீர்கள். ஒரு வாய் நிறையக் குடிக்கும் பதத்துக்கு அது ஆறியிருக்க வேண்டும். தண்ணீர் எந்த நிலையிலும் செல்லாது. குப்பியின் மூடியை வெள்ளிக்கிழமையே ஒரு முறை திறந்து பார்த்துக்கொள்வது நல்லது. தக்கையோடு மல்லுக்கு நிற்கும் நேரம் சனி இரவு அல்ல.

வாசனைக்கு அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூத மரபு) வீடுகளில் கிராம்பு, பட்டை போன்றவற்றை கோபுர வடிவ வெள்ளிப் பெட்டியில் வைப்பார்கள். செபார்தி (ஸ்பெயின் வழி வந்த யூத மரபு) வீடுகளில் ஹதாஸ் என்ற நறுமணச் செடியின் இலைக் கொத்தை விரும்புவார்கள். ஒரு சின்ன மூடி போட்ட டப்பாவும் பத்துக் கிராம்பும் போதும். மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த கிராம்பில் மணம் இருக்காது. கிராம்பின் மொட்டில் நகத்தை அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும், கசியாவிட்டால் மாற்றுங்கள். ஏலக்காயை லேசாகத் தட்டி வைத்தால்தான் வாசனை வெளியே வரும். மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய யூதத் தொழுகைக் கூடத்தை ஒட்டிய தெருவில் இன்றும் மசாலாக் கடைகள் உண்டு, அந்த ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மிளகுத்தூள் வேண்டாம், துதிமொழிக்கு நடுவே தும்மல் வரும். கழிவறை நாற்றம் போக்க வைத்த வாசனைப் பொருளின் மேல் துதிமொழி சொல்லக் கூடாது. சளி பிடித்து மூக்கடைத்திருந்தால் வாசனைத் துதிமொழியை விட்டுவிடுங்கள், முகராத வாசனைக்கு நன்றி சொல்வது பொய்யாகிவிடும்.

மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏன் பல திரி? துதிமொழியில் ‘மெஓரேய் ஹாஏஷ்’ என்று வருகிறது, ‘நெருப்பின் ஒளிகள்’ என்று பன்மை. பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் பெராஃகோத் நூல் எட்டாம் அதிகாரத்தில் இந்த ஒரு சொல்லை வைத்தே ஷம்மாய், ஹில்லேல் என்ற இரு ஆசான்களின் வழி வந்த பள்ளிகளுக்குள் வாதம் நடக்கிறது. ஒளி என்று ஒருமையில் சொல்ல வேண்டும் என்றார்கள் முன்னவர்கள். ஒரே நெருப்புக்குள் பல ஒளிகள் உண்டு என்றார்கள் பின்னவர்கள், அவர்கள் சொன்னதே நிலைத்தது. அதனால்தான் பின்னல் போலப் பின்னிய மெழுகுவர்த்தி. கடையில் கிடைக்காவிட்டால் இரண்டு சாதாரண மெழுகுவர்த்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, சுடர்கள் ஒன்றாகும்படி அவற்றின் தலையைச் சாய்த்தால் போதும். இரண்டு தீக்குச்சிகளைச் சேர்த்துப் பிடித்தாலும் விதிப்படி சரிதான். ஆனால் முதல் முறை சொல்பவர் தடுமாறி முடிப்பதற்குள் விரல் சுட்டுவிடும்.

பின்னல் மெழுகுவர்த்தியின் சுடர் சாதாரணமானதைவிட மிகப் பெரியது, தாராளமாகச் சொட்டும். பிடிக்க ஆள் இல்லாததால் அது தானே நிற்க வேண்டும். ஒரு கனமான கண்ணாடி டம்ளரில் முக்கால் பங்கு மணல் அல்லது அரிசி நிரப்பி அதில் ஆழமாக ஊன்றுங்கள். ஒரு முறை தட்டை ஆட்டிப் பாருங்கள், சாயக் கூடாது. திரைச்சீலை, கொசுவலை, தொங்கும் துணி எதற்கும் அருகே வேண்டாம். மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் சுடர் படபடத்து மெழுகு ஒரு பக்கமாக ஓடும். வாடகை அறையில், விடுதியில் நெருப்பே கூடாது என்று விதி இருந்தால் மீற வேண்டாம். நெருப்பு இல்லாவிட்டால் அந்தத் துதிமொழியை மட்டும் விட்டுவிட்டு மற்ற மூன்றையும் சொன்னால் ஹவ்தாலா நிறைவேறிவிடும். வாசனைப் பொருள் கிடைக்காவிட்டாலும் இப்படித்தான். கிண்ணமும் கடைசித் துதிமொழியும்தான் உயிர்.

கடைசியாக, வாசகம். பிரார்த்தனைப் புத்தகத்துக்கு சித்தூர் என்று பெயர் (ஆந்திரத்து ஊருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை). பக்கம் தானே திறந்து நிற்காத புத்தகமானால் கனமான ஒன்றைச் சாய்த்து நிறுத்திப் பழகுங்கள். ஒரு தாளில் எழுதிக் கண் மட்டத்தில் ஒட்டிவைப்பது இன்னும் வசதி, சுடரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி இருந்தால் சரி. கடவுளின் பெயர் உள்ள தாள் என்பதால் வேலை முடிந்ததும் குப்பையில் போடாமல் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வாரமும் வேண்டுமே. ஷப்பாத் முடியும் நேரத்தையும் அதே தாளில் குறித்துவையுங்கள், கைபேசியைப் பார்க்க முடியாதல்லவா. உங்கள் ஊருக்கான நேரமே கணக்கு. லண்டனில் ஜூன் மாதம் இரவு பத்து மணியைத் தாண்டும், டிசம்பரில் மாலை ஐந்தை ஒட்டியே முடிந்துவிடும். நடுத்தர அளவிலான மூன்று விண்மீன்கள் தெரியும் நேரம் என்பது அடிப்படை. சூரியன் மறைந்து 72 நிமிடம் காத்திருப்போரும் உண்டு.

நாக்குக்கு ஒத்திகை

எபிரேயத்தைத் தமிழ் எழுத்தில் எழுதினால் க, த, ப மூன்றும் காலை வாரிவிடும். கீழே ‘பாரூஃக்’, ‘போரே’, ‘பெஸாமீம்’, ‘பேய்ன்’ என்று வரும் இடமெல்லாம் பஸ், பேங்க் என்னும்போது வரும் ப. ‘ப்ரீ’ மட்டும் பல், பால் என்பதன் ப. ‘ஹகாஃபென்’ என்பதில் க காந்தியின் க, ஃபெ ஃபேனில் வரும் ஃபே. ‘ஃக’ வரும் இடத்தில் எஃகு என்னும்போது தொண்டையில் உரசும் அந்தக் காற்று இன்னும் கொஞ்சம் அழுத்தமாக வர வேண்டும். ‘ஹமவ்தீல்’, ‘கோதெஷ்’ இரண்டிலும் த மெல்லியது, ‘அது’ என்பதில் வருவதுபோல.

ஒத்திகை பார்க்கும்போது கடவுளின் பெயரை உச்சரிக்காதீர்கள். ‘அதோனாய்’ வரும் இடத்தில் ‘ஹாஷெம்’ என்றும், ‘எலோஹேய்னு’ வரும் இடத்தில் ‘எலோகேய்னு’ என்றும் சொல்லிப் பழகுவது வழக்கம். வாரம் முழுக்க அப்படியே பழகிவிட்டு, சனி இரவும் வாய்ப் பழக்கத்தில் ஹாஷெம் என்று சொல்லிவிடுவது முதல் முறைக்காரர்களுக்கு அடிக்கடி நேர்வது. தாளில் அந்தச் சொல்லுக்குக் கீழே கோடு போட்டுவையுங்கள்.

சனி இரவு

சூரியன் மறைந்ததிலிருந்து ஹவ்தாலா முடியும் வரை தண்ணீர் தவிர எதுவும் உண்ணக் கூடாது, குடிக்கக் கூடாது. அதற்கு முன்பே தொடங்கிய சாப்பாடானால் தொடரலாம்.

விண்மீன் தெரிந்ததும் நேரே தீப்பெட்டிக்குக் கை போகும். நில்லுங்கள். தனியாகச் செய்பவர் சறுக்கும் முதல் இடம் இதுதான். இரவுத் தொழுகையில் இந்த நாளுக்குரிய சேர்க்கையைச் சொல்லியிருந்தால் சரி. சொல்லவில்லை என்றால் முதலில் இந்த ஒரு வரி:

பாரூஃக் ஹமவ்தீல் பேய்ன் கோதெஷ் லெஃகோல்.

இதில் கடவுளின் பெயர் கிடையாது, இது துதிமொழியும் அல்ல. இதைச் சொன்ன பிறகே தீக்குச்சி, விளக்கு, விசிறி, கைபேசி எல்லாம். கைபேசியைத் தொட்டதும் ஒலியை அடைத்து வேறு அறையில் போட்டுவிடுங்கள்.

மெழுகுவர்த்தியை ஏற்றுங்கள். பின்னல் மெழுகுவர்த்தியில் எல்லாத் திரியும் பற்றிக்கொள்ள கால் நிமிடம் ஆகும். கிண்ணத்தில் விளிம்பு வரை ஊற்றுங்கள். சற்று வழிந்து தட்டில் விழுவது பலருக்கும் வழக்கம், நிறைவின் அடையாளம். ஆனால் நிரம்பிய கிண்ணத்தைப் பக்கவாட்டில் பிடித்துத் தூக்கினால் சட்டைக் கை நனையும். விரல்களைக் கிண்ணத்தின் அடியில் கொடுத்து உள்ளங்கையில் ஏந்திக்கொள்ளுங்கள். அஷ்கெனாசிகள் பெரும்பாலும் நின்றுகொண்டும், செபார்திகள் உட்கார்ந்தும் சொல்வார்கள்.

தொடக்கத்தில் ஏசாயா, சங்கீதங்கள் முதலிய நூல்களின் வசனங்கள் சித்தூரில் இருக்கும். முதல் முறை திணறினால் அவற்றை விட்டுவிடலாம். கடமை நான்கு துதிமொழிகளில்தான் இருக்கிறது. எல்லாம் ஒரே போல் தொடங்கும்:

பாரூஃக் அத்தா அதோனாய் எலோஹேய்னு மெலெஃக் ஹாஓலாம்…

‘எங்கள் கடவுளாகிய ஆண்டவரே, அண்டத்தின் அரசே, நீர் போற்றப்பெறுக’ என்பது பொருள். வலக்கையில் கிண்ணத்தோடு இதைச் சொல்லி, தொடர்ந்து:

…போரே ப்ரீ ஹகாஃபென்.

திராட்சைக் கொடியின் கனியைப் படைத்தவரே. குடிக்காதீர்கள். இந்த வார்த்தையிலிருந்து கடைசியில் குடிக்கும் வரை வேறு பேச்சும் கூடாது. கிண்ணத்தை இடக்கைக்கு மாற்றி, வலக்கையில் வாசனை டப்பாவை எடுங்கள். கை நடுங்குகிறது என்றால் கிண்ணத்தைத் தட்டிலேயே வைத்துவிடுங்கள். மீண்டும் தொடக்க வரி, பிறகு:

…போரே மினேய் பெஸாமீம்.

பலவகை வாசனைகளைப் படைத்தவரே. சொன்ன பிறகு முகர வேண்டும், முன்னால் அல்ல. செபார்தி வழக்கத்தில் ஹதாஸ் போன்ற மரவகைக்கு ‘போரே அத்ஸேய் பெஸாமீம்’ என்று வரும், உங்கள் சித்தூரில் எப்படியோ அப்படி. ஷப்பாத்தில் கூடுதலாக வந்து தங்கிய ஆன்மா விடைபெறுவதால் வரும் வாட்டத்துக்கு இந்த வாசனை ஆறுதல் என்பார்கள். அவசரமாக ஒரு இழுப்பு இழுக்காமல் மூச்சு நிறைய முகருங்கள்.

இப்போது கிண்ணத்தைக் கட்டாயம் கீழே வையுங்கள். இடக்கையிலேயே வைத்துக்கொள்வோர் உண்டு, பெரிய சுடருக்கு முன்னால் முதல் முறைக்கு அது வேண்டாம்.

…போரே மெஓரேய் ஹாஏஷ்.

நெருப்பின் ஒளிகளைப் படைத்தவரே. சொன்னதும் அந்த ஒளியைப் பயன்படுத்த வேண்டும். வலக்கை விரல்களைக் கட்டைவிரலின் மேல் மடக்கி, நகங்கள் உங்களைப் பார்க்கும்படி சுடருக்கு அருகே நீட்டுங்கள். நகத்தில் வெளிச்சம் பளபளக்கும், மடங்கிய விரல்களின் நிழல் உள்ளங்கையில் விழும். எவ்வளவு அருகே? ஒரு நாணயத்துக்கும் இன்னொரு நாணயத்துக்கும் வித்தியாசம் தெரியும் அளவு என்கிறது மிஷ்னாவை விளக்கும் தால்முத். அறை விளக்கு எரிந்தால் இந்த நிழல் தெரியாது, அணைத்துவிட்டுச் செய்வதே அழகு. பார்வை இல்லாதவர்கள் இந்தத் துதிமொழியைச் சொல்வதில்லை.

கிண்ணத்தை மறுபடி வலக்கையில் எடுத்து, தொடக்க வரியோடு:

…ஹமவ்தீல் பேய்ன் கோதெஷ் லெஃகோல், பேய்ன் ஓர் லெஃகோஷெஃக், பேய்ன் யிஸ்ராயேல் லாஅமீம், பேய்ன் யோம் ஹஷ்விஈ லெஷேஷெத் யெமேய் ஹமாஅஸே. பாரூஃக் அத்தா அதோனாய், ஹமவ்தீல் பேய்ன் கோதெஷ் லெஃகோல்.

புனிதத்துக்கும் சாதாரணத்துக்கும், ஒளிக்கும் இருளுக்கும், இஸ்ரேலுக்கும் மற்ற மக்களுக்கும், ஏழாம் நாளுக்கும் ஆறு வேலை நாட்களுக்கும் இடையே பிரிப்பவரே. உங்கள் துதிமொழிக்கு நீங்களே ஆமேன் சொல்ல வேண்டாம். ஆள் இல்லாத வெறுமையில் பலருக்கும் வாயில் வந்துவிடும். நின்றிருந்தால் உட்கார்ந்து, இடையில் நிறுத்தாமல் குடியுங்கள். பிறகு ஒயினுக்குரிய பின்துதிமொழி ‘அல் ஹகெஃபென்’, அது நீளம், புத்தகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தவறினால்

நெருப்புக்குரிய துதிமொழியைச் சொல்லி, நகத்தையும் பார்த்த பிறகு சுடர் அணைந்தால் ஒன்றும் ஆகவில்லை, மேலே போகலாம். வாசனையையும் நெருப்பையும் முன்பின் மாற்றிச் சொல்லிவிட்டாலும் திரும்பத் தொடங்க வேண்டாம். வாசனையை மறந்து ஒயினைக் குடித்துவிட்டீர்களா? அன்று இரவே பிறகு அந்தத் துதிமொழியைச் சொல்லி முகரலாம். கிண்ணம் கவிழ்வதுதான் தொல்லை. பக்கத்தில் குப்பி திறந்திருந்து, தேவையானால் அதிலிருந்தும் குடிக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் மறுபடி நிரப்பித் தொடரலாம். இல்லையென்றால் ஒயின் துதிமொழியைத் திரும்பச் சொல்ல நேரும். ஆகவே குப்பியை மூடி அலமாரியில் வைக்காதீர்கள்.

தூங்கிவிட்டீர்கள், பயணத்தில் இருந்தீர்கள், அன்றிரவு செய்யவே முடியவில்லை என்றால் செவ்வாய் மாலை சூரியன் மறையும் வரை நேரம் உண்டு. அப்போது வாசனையும் நெருப்பும் கிடையாது, முதல் துதிமொழியும் கடைசித் துதிமொழியும் மட்டும். வீட்டாரோடு வீடியோ அழைப்பில் சேர்ந்துகொண்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: கருவி வழியாகக் கேட்பதால் கடமை தீராது என்பதே பெரும்பாலான ஆர்த்தடாக்ஸ் (பழைய மரபைக் கடைப்பிடிக்கும்) ரபிகளின் முடிவு. அழைப்பில் அவர்களைப் பார்த்துக்கொண்டே உங்கள் கிண்ணத்தின் மேல் நீங்களே சொல்வதில் தடையில்லை.

எல்லாச் சனியும் ஒன்றுபோல் இருக்காது. யோம் கிப்பூர் என்ற நோன்பு நாள் முடியும் இரவில் நெருப்பு, நோன்புக்கு முன்பே ஏற்றி எரிந்துகொண்டிருந்த சுடரிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். வாரத்தின் நடுவில் பண்டிகை முடிந்தால் ஒயினும் கடைசித் துதிமொழியும் மட்டுமே. புளித்த தானிய உணவை விலக்கும் பெசாஃக் பண்டிகை வாரத்தில் பீர் தானியத்தால் ஆனதென்பதால் கூடவே கூடாது. சனி இரவே பண்டிகை தொடங்கினால் ஹவ்தாலா, பண்டிகையை ஒயினோடு வரவேற்கும் கித்தூஷோடு கலந்து வரும், சுடரையும் அணைக்கக் கூடாது. அந்த வாரத்தை முதல் முயற்சிக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். விதிகளை முழுதாகப் பார்க்க விரும்புவோருக்கு யோசேஃப் காரோவின் ஷுல்ஃகான் அரூஃக் என்ற யூதச் சட்ட நூலில், ஓரஃக் ஃகயீம் பகுதியின் 296 முதல் 299 வரையிலான பிரிவுகள்.

அணைப்பது

தட்டில் வழிந்த ஒயினில் சுடரைத் தோய்த்து அணைப்பது வழக்கம். தட்டில் போதிய ஒயின் இல்லையென்றால் குப்பியிலிருந்து கொஞ்சம் ஊற்றிக்கொள்ளுங்கள். எரியும் திரியின் மேலே ஊற்றினால் உருகிய மெழுகு தெறித்துக் கையில் விழும். மெழுகுவர்த்தியை மணலிலிருந்து எடுத்துத் தலைகீழாகச் சாய்த்து, சுடரின் நுனி மட்டும் படும்படி மெல்ல இறக்குங்கள். ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம், கருகிய சர்க்கரை வாசனை, கொஞ்சம் புகை. அந்த ஒயினில் விரலைத் தொட்டு இமையில் ஒற்றிக்கொள்வோர் உண்டு. எலியா தீர்க்கதரிசியைப் பற்றிய பாட்டைப் பாடுவோரும் உண்டு. ‘ஷாவுவா தோவ்’, நல்ல வாரம் என்று வீட்டுக்கு ஒரு போன் போடலாம், இப்போது தடையில்லை.

மெழுகு சூடாக இருக்கும்போதே தட்டைக் கழுவத் தொட்டியில் போடாதீர்கள், குழாயில் போய் உறைந்துகொள்ளும். ஆறவிட்டால் பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். ஒயினில் நனைந்து கருகிய திரி நுனியை அரை விரற்கடை நறுக்கிவிட்டு மெழுகுவர்த்தியை நிமிர்த்திக் காயவையுங்கள். அப்படியே விட்டால் அடுத்த சனியன்று எத்தனை தீக்குச்சி கிழித்தாலும் அது பற்றாது.